மேல்தளத்து ஓட்டையும் மழைத் தண்ணீரும்

டெய்ரி ஃபார்மில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கடலோடு தொடர்பில்லாத வீடு குறைவு. ஒருவர் பட்டறையில் இருப்பார், ஒருவர் கப்பலில் இருப்பார், இன்னொருவர் ஜங்கிலிகாட் துறையில் டுங்கி ஒன்றைப் பங்குக்கு வைத்திருப்பார். ஆகவே இந்த மலரில் படகைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதினால் அன்பர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதக் காற்றில் என் மைத்துனரின் மரப்படகு நங்கூரக் கயிற்றோடு நின்றுகொண்டிருந்தது. கயிறு அறவில்லை; நங்கூரமும் நகரவில்லை. முன்தளத்தில் கயிறு சுற்றும் கட்டைதான் போல்டுகளோடு பெயர்ந்து வந்துவிட்டது. படகு பாறையில் போய் ஏறியது. மறுநாள் போய்ப் பார்த்தோம். கட்டை புதுசு போலவே இருந்தது. அதன் அடியில் இருந்த பலகையோ விரலால் கிள்ளினால் கையோடு வந்தது. யாரும் படகில் இல்லாதது தெய்வச் செயல்.

மரப்படகைக் கெடுப்பது கடல் தண்ணீர் என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். உண்மை வேறு. உப்புத் தண்ணீரில் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை எளிதில் வளராது. அங்கே தொல்லை கொடுப்பது மரத்தைத் துளைக்கும் கடற்புழு. மரத்தை மக்க வைப்பது மேலிருந்து இறங்கும் நல்ல தண்ணீர், அதாவது மழை. நம் தீவுகளிலோ ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னை மழையைப் போல் இரண்டு மடங்கு. மரத்தில் ஈரம் 20 சதவீதத்திற்குள் இருக்கும்வரை பூஞ்சைக்கு வழியில்லை. மேல்தளத்தில் ஒரு போல்ட் ஓட்டை கசிந்தால் அதைச் சுற்றிய மரம் காயவே காயாது. போல்ட் கீழ்வரை போகிறதல்லவா? தண்ணீரும் அதைப் பிடித்துக்கொண்டே பலகையின் நடுவுக்குப் போய்விடும்.

மரம் உயிர் போன பின்னும் அசையக்கூடியது. மழையில் அகலவாட்டில் உப்பும், வெயிலில் சுருங்கும். நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. தளத்துப் பலகை ஒரு பக்கமாகவும் அதன்மேல் வைத்த கட்டை வேறு பக்கமாகவும் ஓடினால் இரண்டும் ஆண்டு முழுவதும் ஒன்றோடொன்று இழுபறி நடத்திக்கொண்டிருக்கும். இடையில் இறுகிக் கல்லாகிவிடும் பசையை வைத்தால் ஒரே கோடையில் வெடித்துவிடும். இடையில் உள்ளது ரப்பர் போல் இழுபட வேண்டும்.

நம் கரையோர ஓடாவிகள் இதை அறியாதவர்கள் அல்லர். தூத்துக்குடித் தோணிகளில் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். இதற்குக் கலப்பத்து என்று பெயர். போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த சொல் என்பார்கள். தளத்தில் பொருத்தும் சாமான்களுக்கு ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த பட்டியும் உண்டு. கெட்ட முறை அல்ல. ஆனால் எண்ணெய் வற்றியதும் உதிரும். அடிக்கடி பிரித்து மறுபடி வைக்கும் பொறுமை இருந்தால் இன்றும் அது போதும்.

இப்போது குழாயில் வரும் பசைகளில் மூன்று வகை. பாலியூரிதேன் பலமாகப் பிடிக்கும், பிறகு பிரிக்க நேர்ந்தால் மரத்தையே கிழித்துக்கொண்டு வரும். பாலிசல்ஃபைடு அவ்வளவு முரட்டுத்தனம் இல்லாதது, மரத்துக்கு நல்லது. ஆனால் சில பிளாஸ்டிக் சாமான்களை அது கெடுத்துவிடும். குளியலறைக்கு வாங்கிய சிலிக்கனை மிச்சமிருக்கிறதே என்று படகில் பூசுகிறவர்கள் உண்டு. அது பட்ட மரத்தில் பிற்பாடு வார்னிஷும் பெயிண்டும் ஒட்டாது. மர வேலைக்கு என் ஓட்டு பாலிசல்ஃபைடுக்குத்தான்.

வேலை முறை இதுதான். பழைய கட்டையைக் கழற்றிப் பசையைச் சுரண்டி எடுங்கள். ஓட்டையைச் சுற்றி மரம் மென்மையாக இருந்தால் பசை அதைக் காப்பாற்றாது. அந்த இடத்தை வெட்டி எடுத்து நல்ல மரம் வைக்க வேண்டும். நல்ல மரமாக இருந்தால் ஓட்டையைப் பெரிதாக்கி, அடியில் டேப் ஒட்டி, எபாக்சியில் மரத்தூளைக் குழைத்து நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளையுங்கள். இனி தண்ணீர் நுழைந்தாலும் எபாக்சியைத்தான் தொடும், மரத்தை அல்ல. துளையின் மேல்வாயைச் சற்று அகற்றிப் புனல் போல் சரிக்க வேண்டும். அந்தப் பள்ளத்தில் தங்கும் பசைதான் போல்டைச் சுற்றி வளையமாக நிற்கிறது. பலரும் விட்டுவிடுவது இந்த ஒரு காரியத்தைத்தான்.

கட்டையின் அடிப்பக்கத்திற்கும் வெட்டுமுனைகளுக்கும் முன்கூட்டியே இரண்டு கோட் வார்னிஷ் கொடுங்கள். தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது வெட்டுமுனையே. தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம்; வார்னிஷோ பசையோ படுமுன் அதை அசிட்டோனால் துடைக்க வேண்டும். நம்மூர்ப் படாக்கைத் துடைத்தால் துணியில் சிவப்புச் சாயம் இறங்கும், பயப்படாதீர்கள்.

பசையைத் தாராளமாக வைத்து, நாலா பக்கமும் பிதுங்கும்வரை முடுக்குங்கள். அதோடு நிறுத்துங்கள்! முழுப் பலத்தோடு இறுக்கினால் பசை அத்தனையும் வெளியே வந்துவிடும். வெறும் மரமும் மரமும்தான் முட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மில்லிமீட்டர் பசையாவது நடுவில் நிற்கட்டும். சில நாள் கழித்து அது ரப்பராக இறுகிய பின் கீழிருந்து நட்டை மட்டும் கால் சுற்று திருகலாம். மேலே போல்ட் தலை திரும்பவே கூடாது. திரும்பினால் பிடித்த பசை அறுந்துவிடும். மரத் திருகாணிக்கு இந்த இரண்டாவது முடுக்கு கிடையாது, ஆகவே நங்கூரச் சுமை தாங்கும் இடத்தில் திருகாணியே வேண்டாம். போல்ட் போட்டு, தளத்தின் அடியில் அகலமான மரத்துண்டு ஒன்றைத் தாங்கலாகக் கொடுங்கள். இரும்பு போல்ட் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கறுத்து மக்கச் செய்யும். துருப்பிடிக்காத எஃகும் காற்றுப்படாத ஈரத்தில் அரிக்கப்படுவதுண்டு என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றையாவது உருவிப் பார்ப்பது நல்லது.

டிசம்பருக்குப் பின் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் நம் துறைமுகத்துக்கு வருவதுண்டு. அவற்றின் தளத்தில் கட்டையும் கப்பியும் ஏராளம். பாய் இழுக்கும் கயிற்றின் பாரம் முழுவதும் அவற்றின்மேல்தான். டுங்கிக்கும் அவற்றுக்கும் முறை ஒன்றே.

கசிகிறதா என்று பார்க்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டையாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். கீழே ஒருவர் டார்ச் விளக்கோடு இருக்கட்டும். தண்ணீர் குறுக்குச் சட்டத்தோடு ஓடி வேறிடத்தில் சொட்டும். சொட்டும் இடத்தை அடைத்துவிட்டுத் திருப்தியோடு வீட்டுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். இந்த வேலைக்குக் காய்ந்த மரம் வேண்டும். நமக்கு அது கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான்.