படாங் எதிரே ஒரு செங்கல் மாளிகை

தோட்டத்திலிருந்து கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் நின்று படம் பிடித்துக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. பழைய படாங்கின் எதிரே, செப்புக் குவிமாடங்களும் மணிக்கூண்டுமாக நீண்டு நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம்தான் அது. அரண்மனையா, பள்ளிவாசலா என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுமில்லை, வெள்ளைக்காரர்கள் கட்டிய ஆபீசு!

சிலாங்கூர் அரசாங்க இலாகாக்களை ஒரே கூரையின்கீழ் கொண்டுவர 1894-இல் அடிக்கல் நாட்டி, 1897-இல் திறந்தார்கள். ஏறத்தாழ 40 இலட்சம் செங்கற்கள் பிடித்தனவாம். அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இவ்வூரில் அத்தாப்பும் பலகையும்தான். 1881-இல் பெருந்தீ ஊரையே விழுங்கியது. பிறகு வந்த ரெசிடெண்ட் சுவெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்றார். சூளைகள் எழும்பின. நம்மவர்கள் நன்கறிந்த பிரிக்பீல்ட்சுக்குப் பெயர் வந்த கதையும் இதுதான்.

ஏ.சி. நார்மன் முதலில் வரைந்த படம் சீமைப் பாணியில் இருந்தது. இலங்கையில் வேலை பார்த்துவிட்டு வந்த பொறியாளர் ஸ்பூனருக்கு அது பிடிக்கவில்லை. இந்தியாவில் மொகலாய வளைவுகளையும் குவிமாடங்களையும் கலந்து ஆங்கிலேயர் கட்டிவந்த பாணியே வேண்டும் என்றார். 1892-இல் முடிந்த சென்னை உயர்நீதிமன்றம் இதற்கு அக்காள் முறை எனலாம். படத்தை மாற்றி வரைந்தவர் பிட்வெல். அவரோ பாதியிலேயே சிங்கப்பூருக்குப் போய், அங்கே ராபிள்ஸ் ஹோட்டலை வரைந்தார். இங்கே புகழ் நெடுங்காலம் நார்மனுக்கே போயிற்று. பிட்வெல்லுக்கே இந்தக் கதி என்றால், சாரமேறிக் கல் அடுக்கியவர்களின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?

அழகைவிட நான் மெச்சுவது தாழ்வாரத்தை. சுமார் 12 அடி அகலம்; கடைத்தெரு அஞ்சடிக்குப் பெரியண்ணன். மின்விசிறி இல்லாத காலத்தில் வெயிலும் சாரலும் குமாஸ்தாவின் மேசையை எட்டாமல் காத்தது அதுதான்.

மணிக்கூண்டின் உயரம் சுமார் 135 அடி. கடிகாரம் முதன்முதலில் ஒலித்தது 1897 ஜூன் 22-இல், விக்டோரியா மகாராணியின் வைரவிழாவுக்காக. அறுபது ஆண்டுகள் கழித்து, 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் அதே கடிகாரத்தின் எதிரே மகாராணி நாட்டுக் கொடி இறங்கியது.

இன்றைய பெயர் 1974-இல் வந்தது. பிறகு நீதிமன்றங்கள் குடியேறி, 2007-இல் ஜாலான் டூத்தாவுக்கு மாறின. இதே பாணியில் ஜாமெக் பள்ளிவாசல் 1909-இலும், ரயில் நிலையம் 1910-இலும் எழுந்தன. ரயிலில் வந்திறங்கிய நம் தாத்தா பாட்டிமார் முதலில் அண்ணாந்து பார்த்தவை அந்த நிலையத்தின் குவிமாடங்களாகத்தான் இருக்கும்.