சுகாதாரத்துக்கு ஆலோசனை சொல்ல டாக்டர் மட்டும் போதுமா?

சேப்பாக்கம் எழிலகத்தில் இயங்கும் மாநிலத் திட்டக் குழு 1971-இல் தொடங்கப்பட்டது. முதலமைச்சரே அதன் தலைவர். 2021 ஜூனில், மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழு என்ற பெயரில் அது திருத்தி அமைக்கப்பட்டபோது, பொருளியல் அறிஞர் ஜெ. ஜெயரஞ்சன் துணைத் தலைவரானார். உறுப்பினர்களில் ரத்தநாள அறுவை நிபுணர் ஜெ. அமலோற்பவநாதன், சித்த மருத்துவர் கு. சிவராமன், அடையாறு சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் ம. விஜயபாஸ்கர், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி தீனபந்து, டாஃபே டிராக்டர் நிறுவனத்தின் தலைவர் மல்லிகா சீனிவாசன் ஆகியோர் இருந்தார்கள். மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயிலும் பரதக் கலைஞர் நர்த்தகி நடராஜும் இருந்தார்கள்.

மண்புழுவை ஆராய்ந்தவருக்கும் மேடையில் ஆடுபவருக்கும் மக்கள் நலனில் என்ன வேலை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மயிலாப்பூர், அடையாறு, தேனாம்பேட்டை, சேத்துப்பட்டு என்று சென்னைக்குள்ளேயே ஒரு சுற்று போய்வர வேண்டியிருக்கும்.

பட்டங்கள் என்ன சொல்கின்றன?

ஆலோசகர் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளில் முதலில் பிரித்தறிய வேண்டியது இரண்டு வகை டாக்டர்களை. எம்.டி. பொது மருத்துவம், எம்.எஸ். அறுவை சிகிச்சை போன்றவற்றைப் படித்தவர் தன் முன்னால் படுத்திருக்கும் ஒரு நோயாளியைப் பார்க்கப் பழகியவர். எம்.டி. சமூக மருத்துவம் அல்லது டி.பி.எச். என்ற பொது சுகாதாரப் பட்டயம் படித்தவர் ஒரு வார்டை, ஒரு வட்டாரத்தைப் பார்க்கப் பழகியவர். வாந்திபேதி கண்டவருக்கு முதலாமவர் சலைன் ஏற்றுவார். இரண்டாமவர் அந்தத் தெருவின் குடிநீர்க் குழாய் எங்கே சாக்கடையோடு கலக்கிறது என்று தேடிப் போவார். இருவரும் தேவை. ஆனால் ஒருவர் வேலையை இன்னொருவர் செய்துவிட முடியாது.

தமிழகம் இந்த வேறுபாட்டை நிர்வாகத்திலேயே வைத்துக்கொண்ட மாநிலம். நாட்டிலேயே முதலாவதாக 1939-இல் இங்கேதான் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மருத்துவமனைகளுக்கு ஓர் இயக்ககம், பொது சுகாதாரத்துக்கும் நோய்த்தடுப்புக்கும் தனி இயக்ககம். பொது சுகாதார நிர்வாகத்துக்கு ஒவ்வொரு மாநிலத்திலும் தனிப் பணிப்பிரிவு வேண்டும் என்று தேசிய சுகாதாரக் கொள்கை பரிந்துரைத்தது 2017-இல்தான்.

மூன்றாவது வகை, நோய்ப்பரவியல் வல்லுநர்கள். நோய் யாருக்கு, எங்கே, எப்போது வருகிறது என்று கணக்கிடுவது அவர்கள் தொழில். 2020-இல் கொரோனா பரவியபோது அரசு அமைத்த மருத்துவ வல்லுநர் குழுவில் இருந்த பிரப்தீப் கவுர், அப்போது சென்னை ஆயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். பரிசோதனை எண்ணிக்கைக்கும் தொற்று எண்ணிக்கைக்கும் என்ன தொடர்பு என்று பொதுமக்களுக்கு விளக்க அந்தப் பயிற்சி தேவைப்பட்டது. பொது சுகாதார முதுநிலைப் படிப்பான எம்.பி.எச்.சில் எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களையும் பல நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் எம்.பி.எச். என்று பார்த்ததும் டாக்டர் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மயிலாப்பூரிலிருந்து வந்த இருவர்

நாடு விடுதலையானபின் சமூக நலனுக்கென்று அமைந்த முதல் ஆலோசனை அமைப்புகளின் தலைமையில் இருந்த இருவர் மயிலாப்பூர், அடையாறு வட்டாரத்தில் வேலை செய்தவர்கள். இருவரின் தொழிலும் வேறு வேறு.

1953-இல் மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரான துர்காபாய் தேஷ்முக் வழக்கறிஞர். சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதாடியவர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும் திட்டக் கமிஷன் உறுப்பினராகவும் இருந்தவர். அதற்கு முன்பே, 1937-இல், ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கி நடத்திக்கொண்டிருந்தார். 1954-இல் மாநில சமூக நல ஆலோசனை வாரியத்தின் தலைவரான முத்துலட்சுமி ரெட்டி, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற டாக்டர். 1920-களில் மாகாணச் சட்டசபைக்குப் போய் அதன் துணைத் தலைவரும் ஆனவர். அவ்வை இல்லத்தை நிறுவியவர். வாரியத் தலைவரான அதே ஆண்டில்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. ஏழைக் கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவித் திட்டம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

ஒருவர் சட்டம், ஒருவர் மருத்துவம். ஆனாலும் இருவருக்கும் பொதுவான தகுதி ஒன்று உண்டு. ஆலோசனை சொல்லும் பதவிக்கு வருமுன் இருவரும் ஆதரவற்ற பெண்களுக்கான நிறுவனத்தைச் சொந்தப் பொறுப்பில் நடத்தியிருந்தார்கள். அரிசிக்கு யாரிடம் கேட்பது, நன்கொடை நின்றுபோனால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர்களுக்கு அனுபவம். தன்னார்வ அமைப்புகளுக்கு மானியம் பிரித்துக் கொடுக்கும் வாரியத்தில் எந்தப் பட்டத்தையும்விட உதவக்கூடியது இதுதான்.

இதே வரிசையில் வருபவர் மருத்துவப் பேராசிரியர் கே.எஸ். சஞ்சீவி. 1958-இல் அவர் தொடங்கிய வி.எச்.எஸ். என்ற தன்னார்வச் சுகாதார அமைப்பு, குடும்ப வருமானத்துக்கு ஏற்பச் சந்தா கட்டிச் சிகிச்சை பெறும் முறையைக் காப்பீட்டு அட்டைகளெல்லாம் வருவதற்கு வெகு காலம் முன்பே கொண்டுவந்தது. அவர் முன்வைத்த மினி ஹெல்த் சென்டர் யோசனை, டாக்டரைவிட ஊரிலேயே இருக்கும் பணியாளரை அதிகம் நம்பியது.

வீட்டுப் படியேறியவர்கள்

அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் சேத்துப்பட்டில் கிடைத்தது. காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை வேண்டும் என்று உலகமே நினைத்திருந்த காலத்தில், 1956-இல், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து ஸ்பர்டேங்க் சாலையில் ஓர் ஆய்வு மையம் அமைத்தன. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில், மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இரு தரப்புக்கும் அதே மாத்திரைகள், ஓராண்டுக்கு. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். அவர்களால் வீட்டாருக்குத் தொற்று அதிகமாகவும் இல்லை.

உலகச் சிகிச்சை முறையையே மாற்றிய இந்த முடிவு டாக்டர்களால் மட்டும் வந்ததில்லை. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போலப் பிரித்தது புள்ளியியல். நோயாளி மாத்திரையை உண்மையில் விழுங்கினாரா என்பதைச் சிறுநீர்ச் சோதனையில் கண்டது ஆய்வகம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணியதும், நின்றுபோனவரை மறுபடி அழைத்து வந்ததும் செவிலியர்களும் சுகாதாரப் பார்வையாளர்களும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் முடிவு நம்பத்தக்கதாக இருந்திருக்காது.

அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் இயக்குநராக இருந்து, பின்பு உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியான குழந்தைநல மருத்துவர் சௌமியா சுவாமிநாதன், 2024-இல் மத்திய அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்துக்கு முதன்மை ஆலோசகராக நியமிக்கப்பட்டார்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது ஒரு தொழிலாகவே கற்றுத்தரப்படும் படிப்பு எம்.எஸ்.டபிள்யூ. மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952-இல் தொடங்கிய சென்னை சமூகப்பணிக் கல்லூரி எழும்பூரில் இருக்கிறது. வகுப்போடு களப்பணியும் கட்டாயம். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தபின், பஸ்ஸுக்குக் காசு இல்லை, மாமியார் விடமாட்டார், கூலி போய்விடும் என்று நோயாளி ஏன் திரும்ப வரவில்லை என்பதைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் மருத்துவ சமூகப் பணியாளர்தான்.

பட்டமே இல்லாத தகுதி

ராஜா அண்ணாமலைபுரத்தில் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை 1986-இல் தொடங்கியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். ஆனால் அங்கே அழைப்பை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். தேர்வில் தோற்ற மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமல் உடனே துணைத் தேர்வு எழுத வழி வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் சிநேகாவும் உண்டு. கிராமத்து வீடுகளில் பூச்சிமருந்தை வைக்காமல் பொதுக் கிடங்கில் பூட்டிவைத்தால் தற்கொலைகள் குறையுமா என்று காட்டுமன்னார்கோவில் பகுதியில் லட்சுமி விஜயகுமார் ஆய்வு செய்தார். தேர்வு அட்டவணையும் பூச்சிமருந்துக் கிடங்கும் மனநலப் பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்காது. வருந்துபவர்கள் பேசுவதை ஆண்டுக்கணக்கில் கேட்டவர்களுக்கே அவை கண்ணில் படும்.

இன்னொரு வகை ஆலோசகர், பாதிக்கப்பட்டவரே. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். 12 ஆண்டுகள் கழித்து, தொற்றோடு வாழும் பெண்களின் அமைப்பைக் கௌசல்யா பெரியசாமி இதே சென்னையில் தொடங்கினார். கணவனிடமிருந்து தொற்று வந்தபின் சொத்தும் வீடும் இழக்கும் பெண்ணின் நிலை, ஆய்வகத்தில் தெரியாத விஷயம். 2008-இல் தமிழக அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. திருநங்கையான நர்த்தகி நடராஜ் கொள்கைக் குழுவில் அமர்ந்தது அந்த வரிசையின் தொடர்ச்சி. மண் உயிரியலாளரின் இடமும் இதனால்தான் புரிகிறது. தட்டில் விழும் சோறும் குப்பை போகும் இடமும் மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் சுகாதார விஷயங்கள்.

ஆலோசகர் கையெழுத்துப் போடுவதில்லை

ஆலோசகருக்கு ஒரு வரம்பு உண்டு. கோப்பில் கையெழுத்திடுவது செயலர், பணம் ஒதுக்குவது நிதித்துறை. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எந்த மருந்துகள் அவசியம் என்று பட்டியல் போட டாக்டர்கள் வேண்டியிருந்தது. ஆனால் அரசு மருத்துவமனைகளில் மருந்து இல்லாமல் போனது கொள்முதல் முறையால். பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியின் முயற்சியில் 1994-இல் உருவான கழகம் மொத்த டெண்டர், மாவட்டக் கிடங்கு, கணினியில் இருப்புக் கணக்கு, மருத்துவமனைக்குப் பாஸ்புக் என்று நிர்வாகத்தை மாற்றியது. பல மாநிலங்கள் அதைப் பார்த்துப் பின்பற்றின. சிக்கல் எங்கே இருக்கிறதோ அந்தத் தொழிலைத் தெரிந்தவர்தான் அங்கே சரியான ஆலோசகர்.

அடுத்த முறை ஒரு குழு அறிவிக்கப்படும்போது நான்கு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். மருத்துவமனை டாக்டர் அல்லாமல் பொது சுகாதாரம் படித்தவர் இருக்கிறாரா? எண்களைச் சரிபார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? களத்தில் ஒரு நிறுவனத்தையோ திட்டத்தையோ நடத்தியவர் இருக்கிறாரா? தனியார் மருத்துவமனை, மருந்து நிறுவனம் என்று லாபத் தொடர்பு உள்ளவர்கள் அதை அறிவித்திருக்கிறார்களா?

இந்தக் கேள்விகளைத் தாண்டியும் பட்டியல்களில் தொடர்ந்து விடுபடுகிறவர்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது சுய உதவிக் குழுப் பெண்கள். தி. நகரின் கடைத்தெருக் குப்பையை விடியுமுன் அள்ளுவது தூய்மைப் பணியாளர்கள். எந்த மாத்திரை திரும்பி வருகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்று மாநிலக் குழுக்களைவிட இவர்களுக்கு முன்னதாகத் தெரியும். இவர்களை வேலை வாங்கும் அரசு, ஆலோசனைக்கு அழைப்பது அரிது.

மாநகராட்சிகளில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க 2022-இல் விதிகள் வந்திருக்கின்றன. பகுதி சபையில் பேச எந்தப் பட்டமும் வேண்டாம், அந்தப் பகுதியின் வாக்காளராக இருந்தால் போதும். மாத்திரை கொண்டுவரும் பெண்ணுக்கும் தெரு கூட்டுபவருக்கும் அங்கே நாற்காலி போட அமைச்சரின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கவுன்சிலரும் குடியிருப்போரும் நினைத்தால் அடுத்த கூட்டத்திலேயே செய்யலாம்.