ஒரு சோடி செருப்புக்கு எத்தனை வரி?



கலியாண வீட்டு உடுப்புக்குப் பொருத்தமான செருப்பு ஒஸ்லோவில் கிடைக்கவில்லை என்று இலண்டனிலிருந்தோ சென்னையிலிருந்தோ எடுப்பிப்பது எமது குடும்பங்களில் வழக்கம். பொதியோடு வரிச் சிட்டையும் வந்து சேரும். அந்தத் தொகை எப்படி வருகிறது என்பதை இம்முறை பார்ப்போம்.

நாடுகளுக்கிடையில் வியாபாரமாகும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுங்க இலக்கம் உண்டு. 1988 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த இந்த முறையை பிரசல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பு பராமரிக்கிறது. முதல் ஆறு இலக்கங்கள் இதைப் பின்பற்றும் நாடுகளுக்குப் பொதுவானவை. நோர்வேயில் மொத்தம் எட்டு இலக்கங்கள். ஆடைகள் 61ஆம், 62ஆம் அத்தியாயங்களிலும் பாதணிகள் 64ஆம் அத்தியாயத்திலும் வருகின்றன.

செருப்பின் விலையோ அழகோ அதன் இலக்கத்தைத் தீர்மானிப்பதில்லை. மேற்பகுதி எதனால் ஆனது, நிலத்தில் படும் அடிப்பகுதி எதனால் ஆனது என்பவையே முக்கியம். இறப்பர் அல்லது பிளாஸ்டிக் அடியுள்ள ஒரு சாதாரண செருப்பை எடுப்போம். அதன் மேற்பகுதியும் பிளாஸ்டிக் என்றால் 6402, தோல் என்றால் 6403, துணி என்றால் 6404. மேற்பகுதியில் இரண்டு மூன்று பொருட்கள் கலந்திருந்தால், வெளிப்புறத்தில் அதிக பரப்பை மூடியிருப்பது எதுவோ அதுவே கணக்கு. கல், மணி, வளையம் போன்ற அலங்காரங்கள் சேர்க்கப்படமாட்டா. தனியாக அடி பொருத்தப்படாத கம்பளிக் காலுறைச் செருப்பு 64இல் அடங்காது. அது துணிப் பொருட்களோடு சேரும்.

இந்த வேறுபாடு சில வேளைகளில் பெரும் பணமாகிவிடும். 2006 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் தோல் மேற்பகுதி கொண்ட சப்பாத்துக்களுக்கு மேலதிக தீர்வை விதித்தது. சீனாவிலிருந்து வந்தவற்றுக்கு 16.5 வீதம், வியட்நாமிலிருந்து வந்தவற்றுக்கு 10 வீதம். துணிச் சப்பாத்து அதில் அகப்படவில்லை. 2011 மார்ச் 31 வரை அது நீடித்தது. நோர்வே ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லாதபடியால் இங்கு அது அறவிடப்படவில்லை.

நோர்வேயில் பாதணிகளுக்குச் சுங்கத் தீர்வை இல்லை. 25 வீத மொம்ஸ் மட்டுமே. ஆனால் பல ஆடைகளுக்கு 10.7 வீதத் தீர்வை இன்னும் உண்டு. ஒரே பொதியில் இரண்டும் வரும்போதுதான் கவனம் தேவை.

ஓர் உதாரணம். நோர்வேயின் இணையவழி மொம்ஸ் திட்டத்தில் பதியாத ஒரு கடையிலிருந்து 1000 குரோணருக்கு ஆடையும் 1000 குரோணருக்குச் செருப்பும் வாங்குகிறீர்கள். சலுகைக்கான உற்பத்தி நாட்டுச் சான்று இல்லை. அஞ்சல் செலவை விட்டுவிடுவோம். ஆடைக்குத் தீர்வை 107, அதையும் சேர்த்த 1107க்கு மொம்ஸ் 276.75. செருப்புக்கு மொம்ஸ் 250. மொத்தம் 633.75 குரோணர். முழுப் பொதியையும் ‘ஆடைகள்’ என்று எழுதி அனுப்பினால் தீர்வை 214, மொம்ஸ் 553.50, மொத்தம் 767.50. ஒரு சொல்லால் 133.75 குரோணர் கூடிவிடுகிறது.

ஆகவே அனுப்புபவரிடம் மூன்று விடயங்களைச் சொல்லி வையுங்கள். ஒன்று, ஆடையையும் பாதணியையும் தனித்தனி வரியில், தனித்தனி விலையோடு எழுதவேண்டும். இரண்டு, ‘பெண்கள் செருப்பு, மேற்பகுதி தோல், அடி இறப்பர்’ என்று பொருளையும் குறிப்பிடவேண்டும். மூன்று, உண்மையான விலையையே எழுதவேண்டும்.

350 குரோணருக்குக் குறைந்தால் வரியில்லை என்ற பழைய விதி 2024 ஜனவரி 1உடன் முடிந்துவிட்டது. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அனுப்பும் உண்மையான அன்பளிப்புக்கு மட்டும் 1000 குரோணர் வரை விலக்கு உண்டு. நீங்கள் பணம் கொடுத்து வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவிக்க வேண்டாம். அது பொய்ப் பிரகடனம்.

சிட்டையில் பிழை தெரிந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். கடைப் பற்றுச்சீட்டோடு முதலில் பொதியைக் கொண்டுவந்த நிறுவனத்தைக் கேளுங்கள். சுங்கக் கணக்கைத் திருத்தும்படி விண்ணப்பிக்க உங்களுக்கு உரிமை உண்டு. மொழி தயக்கமாக இருந்தால் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.