தபாலில் அனுப்பிய காசோலை போய்ச் சேராதபோது

சொத்து வரிக்கோ தண்ணீர்க் கட்டணத்துக்கோ காசோலை எழுதி, கடிதவுறையில் இட்டு, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்பும் வழக்கம் எமது மூத்தோர் பலரிடம் இன்றும் உண்டு. சில வாரங்களின் பின் நகராட்சியிலிருந்து கடிதம் ஒன்று வருகின்றது. பணம் கிடைக்கவில்லை என்றும் தண்டப்பணம் சேர்க்கப்பட்டுள்ளது என்றும் அதில் எழுதப்பட்டிருக்கின்றது. அனுப்பியவருக்கு அந்தப் பதினைந்து இருபது டொலர் பெரிய சுமையன்று. வாழ்நாளில் கடன் வைத்தறியாத தம்மை ஏய்ப்பவர் வரிசையில் நிறுத்திவிட்டார்களே என்பதுதான் அவரை வருத்துகின்றது. இக்கட்டுரை அத்தகைய நிலையில் செய்ய வேண்டியவற்றையும், நகராட்சி அவ்வாறு எழுதுவதன் காரணத்தையும் விளக்குகின்றது.

பெட்டியில் போடுவதும் செலுத்துவதும் ஒன்றல்ல

ஊரில் முக்கியமான கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்திய தலைமுறைக்கு ஒரு வேறுபாடு எளிதில் விளங்கும். தெருப் பெட்டியில் இடப்படும் சாதாரணக் கடிதத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை. அது எங்கே இருக்கின்றது என்று தேடிச் சொல்லத் தபால் துறையாலும் இயலாது. ரொறன்ரோ நகராட்சியோ பணம் தன்னிடம் வந்து சேர்ந்த நாளையே கணக்கில் கொள்கின்றது. கடிதவுறையின் மீதுள்ள தபால் முத்திரையின் திகதி கருதப்படுவதில்லை. கட்டணப் பட்டியல் வீட்டுக்கு வரவில்லை என்பதும் செலுத்தாமைக்கு ஏற்கத்தக்க காரணமாகாது.

சொத்து வரியின் தவணை தவறினால் முதல் நாளிலேயே 1.25 வீதம் தண்டமாகச் சேர்கின்றது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி, நிலுவையாக உள்ள வரியின் மீது மேலும் 1.25 வீதம் சேர்கின்றது. 1,200 டொலர் தவணை ஒன்று வழியில் தொலைந்தால் முதலில் 15 டொலர், பின்னர் மாதந்தோறும் 15 டொலர். முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலரிடம் இதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் இல்லை. அவர் மறுப்பது உங்கள் சொல்லை நம்பாமையால் அன்று என்பதை அறிந்திருப்பது நன்று. அதனை நயமாக எடுத்துச் சொல்லும் பழக்கம் எல்லா அலுவலர்க்கும் இல்லை என்பதும் உண்மையே.

தனியொரு கடிதம் தொலைவது ஒருபுறமிருக்க, தபால் முழுவதும் நின்றுபோன காலமும் அண்மையில் உண்டு. 2024 நவம்பர் 15ஆம் திகதி கனடா தபால் நிறுவனத்தின் ஏறத்தாழ 55,000 ஊழியர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். டிசம்பர் 17ஆம் திகதியே பணி மீண்டது. அதற்குள் வலையமைப்பில் இருந்த கடிதங்கள் இருந்த இடத்திலேயே கிடந்தன. பணி தொடங்கிய பின்னரும் தேக்கம் தீர நாட்கள் சென்றன. 2025 செப்ரெம்பர் 25ஆம் திகதி மீண்டும் நாடு தழுவிய வேலைநிறுத்தம் தொடங்கி, ஒக்ரோபர் 11 முதல் சுழற்சி முறைக்கு மாறியது. தபால் நின்றது என்பதற்காகக் கட்டணங்களின் இறுதி நாட்கள் தாமாகத் தள்ளிப்போவதில்லை.

காசோலை எங்கே என்று முதலில் அறிக

தண்டக் கடிதம் கிடைத்தவுடன் தொலைபேசியை எடுக்கத் தோன்றும். அதற்கு முன் உங்கள் வங்கிக் கூற்றைப் பாருங்கள். அந்தக் காசோலை இலக்கத்துக்குப் பணம் கழிந்திருக்கின்றதா? இந்த ஒரு கேள்விக்கான விடையிலேயே மற்ற எல்லாம் தங்கியுள்ளது.

பணம் கழியவில்லை எனில் காசோலை இன்னும் வழியில் இருக்கலாம், அல்லது தொலைந்திருக்கலாம். வங்கியிடம் அதன் கொடுப்பனவை நிறுத்தும்படி கேளுங்கள். காசோலை இலக்கம், திகதி, தொகை, பெறுநர் பெயர் ஆகியவற்றைப் பிழையின்றிக் கொடுக்க வேண்டும். தொகையில் ஒரு சதம் மாறினாலும் நிறுத்தம் பலிக்காமற் போகலாம். இச்சேவைக்கு வங்கிகள் பெரும்பாலும் கட்டணம் அறவிடுகின்றன. அதன்பின் உடனேயே வேறு வழியில் பணத்தைச் செலுத்திவிடுங்கள். கடிதம் வந்துவிடும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மேலும் ஒரு தண்டம்.

பலர் அறியாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நிறுத்திய காசோலை பிந்தி வந்து சேர்ந்தால் நகராட்சி அதை வங்கியில் இடும். வங்கி அதைத் திருப்பியனுப்பும். திரும்பிய காசோலைக்கென நகராட்சி தனிக் கட்டணம் விதிக்கும். ஆகவே நிறுத்தியதை நகராட்சிக்கும் தெரிவித்து, தெரிவித்த நாளையும் உரையாடலுக்குத் தரப்பட்ட இலக்கத்தையும் குறித்து வையுங்கள்.

பணம் கழிந்திருப்பின் காசோலையின் இரு பக்கப் படத்தையும் வங்கியிடம் பெறுங்கள். இணைய வங்கிச் சேவை வைத்திருப்போர் அதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். நகராட்சியே வங்கியில் இட்டிருந்தால், பணம் வேறொருவர் கணக்கில் பதிந்திருக்க வாய்ப்புண்டு. காசோலையில் கணக்கு இலக்கம் எழுதப்படாமையும், வீடு மாறியவர் பழைய வீட்டின் இலக்கத்தை எழுதுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். சொத்து வரிக்கு 21 இலக்கங்கள் கொண்ட மதிப்பீட்டுப் பதிவு எண் வேண்டும். தண்ணீர், குப்பைக் கட்டணத்துக்கு வேறு கணக்கு இலக்கம். மின்சாரக் கட்டணம் ரொறன்ரோ ஹைட்ரோவுக்கு உரியது. அந்நிறுவனம் நகராட்சிக்குச் சொந்தமாயினும் அதன் கணக்கு வேறு. வரிக் காசோலையோடு அதனை ஒரே உறையில் வைத்தனுப்புதல் கூடாது. படத்தின் பிரதியுடன் நகராட்சியிடம் தேடுதல் கோரலாம். பிழை நகராட்சியினது எனத் தெரிந்தால், சேர்க்கப்பட்ட தண்டத்தை நீக்குமாறும் எழுத்தில் கேளுங்கள்.

பின்பக்கத்தில் அறியாத பெயரோ கையொப்பமோ இருப்பின் அது களவு. திருடிய காசோலையின் மையை வேதிப்பொருளால் கழுவி, பெறுநர் பெயரையும் தொகையையும் மாற்றி எழுதுவோர் உளர். அன்றே வங்கிக்கு எழுத்தில் அறிவித்து, காவற்றுறையிலும் முறையிடுங்கள். பெறுநரின் கையொப்பம் போலியாக இடப்பட்டிருந்தால், அதை நீங்கள் அறிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வங்கிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது கனடாவின் உண்டியற் சட்டம். தபாலில் திருடுவது குற்றவியற் சட்டத்தின் 356ஆம் பிரிவின்கீழ், பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். வெட்கப்பட்டு மறைப்பதற்கு இதில் ஏதுமில்லை, ஏமாந்தவர் குற்றவாளியல்லர்.

வேறு வழிகள்

வங்கிக் கிளையிலோ இணையத்திலோ செலுத்தினால் உறுதிப்படுத்தல் இலக்கம் கிடைக்கும். பணம் நகராட்சியைச் சென்றடைய ஓரிரு வேலைநாட்கள் ஆகலாமாதலால், இறுதி நாள் மாலை வரை வைத்திருத்தல் ஆகாது. ஸ்காபரோவில் 150 பரோ டிரைவில் உள்ள நகர மண்டபத்தின் முகப்பில் நேரில் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெறுவோரும் உளர். புறப்படுமுன் அலுவலக நேரத்தைக் கேட்டறிக.

முன்னனுமதி பெற்று வங்கியிலிருந்து தானாகக் கழிக்கும் முறையும் உண்டு. சொத்து வரிக்கு 2, 6, அல்லது 11 தவணைகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். எமது வங்கிக் கணக்குக்குள் இன்னொருவர் கைவைப்பதா என்று தயங்குவோருக்கு ஓர் உறுதி. நீங்கள் அனுமதித்ததற்கு மாறாகத் தனிநபர் கணக்கில் கழிக்கப்பட்ட தொகையை, கழிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் உங்கள் வங்கியிடமே திருப்பிக் கேட்கலாம். தொலைந்த கடிதத்துக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை.

காசோலையும் தபாலுமே உங்களுக்கு உகந்தவை எனில் அவ்வாறே செய்யலாம்; அதை எவரும் தடுக்கவில்லை. இறுதி நாளுக்குப் பல நாட்கள் முன்னதாக அனுப்புங்கள். காசோலையின் முன்பக்கத்தில் கணக்கு இலக்கத்தை எழுதுங்கள், கழுவ இயலாத ஜெல் மைப் பேனாவையே பயன்படுத்துங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

விடை திருப்தி தராவிடின்

வங்கியின் மீதான முறைப்பாட்டை 56 நாட்களுக்குள் வங்கி தீர்க்க வேண்டும். தீர்க்காவிடில், அல்லது தீர்வு ஏற்புடையதன்று எனில், வங்கிச் சேவைகளுக்கும் முதலீடுகளுக்குமான குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். 2024 நவம்பர் 1 முதல் எல்லா வங்கிகளுக்கும் அது ஒன்றே வெளி முறைப்பாட்டு அமைப்பு. நகராட்சி உங்களை நியாயமாக நடத்தவில்லை என்று கருதினால் ரொறன்ரோ குறைகேள் அதிகாரியை அணுகலாம். அவ்வலுவலகம் நகர நிருவாகத்திலிருந்து சுயாதீனமாக, கட்டணமின்றி விசாரிக்கின்றது. ஆயினும் முதலில் நகராட்சியின் உரிய பிரிவிடம் முறையிட்டிருத்தல் வேண்டும். அங்கே செல்லும்போது வங்கிக் கூற்று, காசோலைப் படம், தண்டக் கடிதம், நீங்கள் பேசிய நாட்களின் குறிப்பு ஆகிய நான்கையும் கொண்டு செல்லுங்கள்.

நகராட்சியுடன் தமிழில் பேச 311ஐ அழையுங்கள். நகருக்கு வெளியிலிருந்து அழைப்போருக்கு 416-392-2489. இச்சேவை நாள் முழுவதும் இயங்குகின்றது. அழைப்பு எடுக்கப்பட்டதும் "தமிழ்" என்ற சொல்லை மட்டும் கூறிக் காத்திருங்கள், மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.