பழைய துவக்கும் புதிய கண்ணும்

துவக்கு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நெஞ்சு துணுக்குறும் ஊர் நம்முடையது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரைப் பிரதேசத்து மக்கள் வீடு வாசல் துறந்து இடம்பெயர்ந்த துயரைப் பனிச்சங்கேணி வாவி கண்டிருக்கின்றது. அத்தகைய ஊரிலிருந்து, அதுவும் தமிழாசிரியத் தொழில் பூண்ட நாம், கல்லூரி விழா மலரில் ஒரு வேட்டைத் துவக்கைப் பற்றி எழுதப் புகுந்தமை சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆகவே, காரணத்தைக் கூறிவிட்டு மேற்செல்லுதலே முறையாகும்.

நம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்ற நண்பர் ஒருவர் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வாழ்கின்றார். அங்கு அவருக்கு முதன்முதல் வேலை கொடுத்த வெள்ளைக்கார முதியவர் முறைப்படி உரிமம் பெற்று மான் வேட்டையாடுபவர். தள்ளாமை வந்தபோது அவர் தம் பழைய துவக்கை, உரிய அனுமதிகளைப் பெற்றிருந்த நம் நண்பரிடம் ஒப்படைத்தார். நண்பருக்கோ கண் மங்கத் தொடங்கிவிட்டது. துவக்கின் மேல் ஒரு தொலைகாட்டி பொருத்த எண்ணினார். ஒரு கடையில் தாங்கி வாங்கினார், அது பொருந்தவில்லை. ஒரு பட்டறைக்குப் போனார். அங்கே வேறு யோசனை கூறினர். அன்றிரவே நம்மைத் தொலைபேசியில் அழைத்து, “மச்சான், உருக்கில நாலு ஓட்டை போட்டால் வேலை முடிஞ்சுது எண்டு சொல்லுறான். போடட்டா?” என்று கேட்டார்.

நம் தந்தையார் வயற்காவலுக்கென உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துவக்கொன்றை ஒரு காலத்தில் வைத்திருந்தவர். அந்நினைவினால் எம்மைக் கேட்டார் போலும். “நாளை வரை பொறும்” என்றோம். ‘நாளை’ என்றது மூன்று மாதமாயிற்று. அம்மூன்று மாதங்களில் படித்தும் வினவியும் நாம் அறிந்துகொண்டவற்றையே ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

தொலைகாட்டி எதற்கு?

பழைய துவக்கில் குறிபார்ப்போன் மூன்று பொருள்களை ஒருங்கே நோக்க வேண்டும்: கண்ணருகே உள்ள பின்குறி, குழலின் நுனியிலுள்ள முன்குறி, தொலைவிலுள்ள இலக்கு. மூன்றும் மூன்று தூரங்களில் உள்ளன. இளங்கண் அவற்றிடையே விரைந்து மாறிக் குவியும். நாற்பதைத் தாண்டிய கண்ணால் அஃது இயலாது. தொலைகாட்டியோ குறியையும் இலக்கையும் ஒரே தளத்தில் வைத்துக் காட்டுகின்றது. பெரிதாகக் காட்டுவதைவிட இதுவே அதன் தலையாய பயன் எனலாம். குறி தவறினால் விலங்கு சாவதில்லை. காயத்தோடு ஓடிக் காட்டிற் கிடந்து பல நாள் துன்புறும். எனவே தெளிவாகக் காணுதல் வேட்டுவனின் முதற் கடமை.

எனினும், தொலைகாட்டியின்றி வேட்டையே இல்லை என்று எண்ணற்க. 436 மனித உயிர்களைக் குடித்ததாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907இல் வீழ்த்திய ஜிம் கோர்பெற்றுக்கு, அதற்குப் பரிசாக ரிக்பி நிறுவனத்தின் .275 துவக்கொன்று வழங்கப்பட்டது. மவுசர் அமைப்பிலான அத்துவக்கு திறந்த குறிகளையே உடையது.

துவக்கின் பெயரை அறிதல்

நண்பரின் துவக்கு .303 லீ-என்பீல்ட். லீ என்பது ஆளின் பெயர். என்பீல்ட் என்பது இங்கிலாந்தில் ஆயுதத் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர். ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்கொத்லாந்தில் பிறந்து, ஒன்ராறியோவிலே வளர்ந்தவர். அவர் வகுத்த தாழமைப்பைக் கொண்ட லீ-என்பீல்ட் 1895இல் பிரித்தானியப் படையில் ஏற்கப்பட்டது. கதவின் தாழ்ப்பாளைத் தூக்கி இழுத்துத் தள்ளுவது போலவே இதன் தாழைத் தூக்கி இழுக்க வெற்றுக்கோது வெளியே விழும்; தள்ளி அமுக்கப் புதிய தோட்டா உள்ளே புகும்.

‘லீ-என்பீல்ட்’ என்று மாத்திரம் சொல்லித் தாங்கி கேட்பது, ‘கந்தையா’ என்று மாத்திரம் எழுதி மட்டக்களப்புக்குக் கடிதம் அனுப்புவது போன்றதாம். அப்பெயருக்குள் வேறுபட்ட பல வகைகள் அடங்கும். முதல் உலகப்போரில் பெருவழக்காயிருந்த முதலாம் இலக்க வகையிற் பின்குறி குழலின் மேல் இருக்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து நான்காம் இலக்க வகையிலோ அது பின்னே தள்ளி, தாழ் ஓடும் உடற்கூட்டின் மேல், கண்ணுக்கு அணித்தாக இருக்கும். உடற்கூட்டின் வடிவும் இரண்டிலும் வேறு. ஒன்றுக்கெனச் செய்த தாங்கி மற்றதிற் பொருந்தாது. நண்பர் முதலில் வாங்கியது முதலாம் இலக்கத்துக்குரிய தாங்கி. கையிலிருந்ததோ நான்காம் இலக்கத் துவக்கு. பிழை அங்கேதான் நேர்ந்தது.

“உடற்கூட்டின் இடப்பக்கத்தைத் துடைத்துப் பார்த்து, அதிலுள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும்” என்றோம். லோங் பிராஞ்ச் என்ற பெயரும் 1943 என்ற ஆண்டும் பொறித்திருப்பதாகச் சொன்னார். ரொறன்ரோவை அடுத்த லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் நான்காம் இலக்கத் துவக்குகள் 9 இலட்சத்துக்கு மேல் வார்க்கப்பட்டன. அங்கு வேலை செய்தோருட் பெருந்தொகையினர் பெண்கள். அதன் பரிசோதனைக் கட்டடம் இன்று மிசிசாகா நகரில் கலைக்கூடமாக நிற்கின்றது. நண்பர் நாள்தோறும் வேலைக்குப் போகும் வழியில் அதைக் கடந்தே செல்கின்றார். இதனை அறிந்தபோது சிறிது நேரம் அவர் பேசவில்லை.

பொருத்துவதில் உள்ள இடர்கள்

இத்துவக்குகள் தொலைகாட்டியை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. உடற்கூட்டின் மேலே ஒரு சிறு பாலம் குறுக்கிடும். ஐந்தைந்து தோட்டாக்களைத் தகட்டுப் பட்டியிற் கோத்து, அப்பாலத்தின் வழியே அழுத்திப் பத்துத் தோட்டாக் கூட்டை நிரப்புவர். தொலைகாட்டி அதன்மேல் அமர்ந்தால் பட்டி நுழையாது. ஒவ்வொன்றாகவே இட வேண்டும். வேட்டுவனுக்கு இது குறையன்று. மவுசர் வகையில் வேறோர் இடருண்டு: அதன் தாழ்க்கைப்பிடி 90 பாகை சுழன்று மேலெழும்போது தொலைகாட்டியில் முட்டும். லீ-என்பீல்டில் அது 60 பாகையே சுழலும். ஆதலால் அவ்விடர் இல்லை.

போர்க்காலத்தில் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். 1942 முதல் இலண்டன் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட் நிறுவனத்தார், தேர்ந்தெடுத்த நான்காம் இலக்கத் துவக்குகளின் இடப்பக்கத்தில் இரண்டு திண்டுகளைப் பதித்து, பெரிய கைத்திருகுகள் இரண்டினால் மூன்று மடங்கு பெருக்கும் தொலைகாட்டியை இணைத்தனர். கன்னம் உயர்ந்து அமர்வதற்காகச் சோங்கின் மேல் மரத்துண்டு ஒன்றையும் திருகினர். எந்தத் தொலைகாட்டி எந்தத் துவக்குக்கு உரியதோ அதன் இலக்கத்தைச் சோங்கிற் பொறித்தும் வைத்தனர். கைதேர்ந்தோர் அளவுகோலும் கருவியும் கொண்டு செய்த வேலை அது.

துளை வேண்டா

பட்டறையார் சொன்னது உடற்கூட்டின் உச்சியில் நான்கு துளையிடும் யோசனை. அதனை ஏன் மறுத்தோம்? உடற்கூடே வெடியின் வலியைத் தாங்கும் உறுப்பு, பதனிட்ட உருக்காலானது. இடமறியாது இட்ட துளை அதன் வலிமையைக் குறைக்கவும் கூடும். ஒரு மயிரிழை கோணினாலும் தொலைகாட்டி குழலோடு ஒருநாளும் ஒத்துவராது. “முன்மரத்தைத்தான் யாரோ முன்னமே வெட்டிவிட்டார்களே, இனி எதைக் காப்பது?” என்று நண்பர் வாதித்தார். வெட்டிய மரத்துக்கு மாற்று மரம் கிடைக்கும். துளைத்த உருக்கை மீட்க இயலாது என்று விடை கூறினோம்.

துளையின்றிப் பொருத்தும் தாங்கிகள் நான்காம் இலக்க வகைக்கு உண்டு. பின்குறியைக் கழற்றி, அது நின்ற இடத்தையும் அதன் அச்சாணித் துளையையும் பிடியாகக் கொண்டு அவை அமரும். வாங்குவோர் கவனிக்க வேண்டியவை இவை. ஒன்று, பல ஆலைகளில் அவசரத்திற் செய்யப்பட்ட துவக்குகளாதலால் அளவுகள் சற்றே வேறுபடும். தாங்கி ஆடினால் ஆணியை வலிந்து முறுக்கி அடக்கலாகாது. இரண்டு, தாங்கி பூட்டிய பின்னும் தாழைக் கழற்ற இயல வேண்டும். இன்றேல் குழலைத் துப்புரவு செய்வது எவ்வாறு? மூன்று, வெற்றுக்கோது தடையின்றி வெளியே விழ வேண்டும். நான்கு, வளையத்தின் அளவு தொலைகாட்டிக் குழாயின் அளவாயிருத்தல் வேண்டும். 1 அங்குலமும் 30 மில்லிமீற்றரும் பெருவழக்கு. ஐந்து, வளையம் பற்றும் பள்ளத்திலும் இரு வகையுண்டு. வீவர் வகைப் பள்ளத்தின் அகலம் 0.180 அங்குலம், பிக்கற்றினி வகையினது 0.206 அங்குலம். முன்னதற்குரிய குறுக்காணி பின்னதில் இறங்கும். பின்னதற்குரியது முன்னதில் இறங்காது.

பொருத்தியபின் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே மூன்று அல்லது நான்கு அங்குலம் இருத்தல் வேண்டும். அதனிலும் நெருங்கினால், துவக்கு உதைக்கும்போது புருவம் பிளக்கும்.

முடிவு

நண்பர் அவ்வாறே செய்தார். துளையில்லாத் தாங்கி அமர்ந்தது. தாழும் தடையின்றிக் கழன்றது. சோங்கில் ஆணி அறையாது தோற்பட்டை ஒன்றை வாரால் இழுத்துக் கட்டிக் கன்னத்துக்கு உயரம் கொடுத்தார். அனுமதி பெற்ற சுடுகளத்தில் முதலில் 25 யார், பின்னர் 100 யார் என்று தாளிற் சுட்டுக் குறியைத் திருத்தினார். இறுதியிற் சுட்ட மூன்று குண்டுகளும் ஒரு தேங்காய்ச் சிரட்டை மூடும் வட்டத்துள் அடங்கின. கழற்றிய பின்குறியையும் அதன் அச்சாணியையும் எண்ணெய்த் துணியிற் பொதிந்து, பெயர் எழுதிப் பெட்டியில் வைத்திருக்கின்றார். நாளை அவர் மகனோ பிறரோ விரும்பினால் அரைமணி நேரத்தில் அத்துவக்கு 1943இல் இருந்த கண்ணைத் திரும்பப் பெறும்.

நம் தந்தையார் வயற்குடிலில் இராமுழுதும் விழித்திருந்தும், பன்றியா மாடா என்று தெளிவாகத் தெரியாவிடின் துவக்கைத் தொடமாட்டார். “தெரியாததைச் சுடாதே” என்பார். அத்துவக்கு போர்க்காலத்தில் கைவிட்டுப் போயிற்று. சொல் மாத்திரம் எம்மிடம் எஞ்சியது. தெரியாததைத் துளைக்காதே என்று அதனைச் சற்றே மாற்றி நண்பருக்குச் சொன்னோம். வேறொன்றும் நாம் செய்ததில்லை.

முன்னோர் கையிலிருந்து வந்த எதுவாயினும், துவக்காயினும் சுவடியாயினும் கல்லூரி மண்டபமாயினும், நம் காலத் தேவைக்கேற்பப் புதியது சேர்த்தல் குற்றமன்று. சேர்க்குமுன் அதன் பெயரையும் பிறப்பையும் அறிந்துகொள்வோம். சேர்த்ததைப் பின்வருவோர் கழற்றக்கூடிய வகையிற் சேர்ப்போம். மாணவ மணிகளுக்கு நாம் இம்மலர் வாயிலாகச் சொல்லக்கூடியது இதுவே.

வாழ்க கல்லூரி! வளர்க பழைய மாணவர் சங்கம்!