குசினி சிங்குக்குக் கீழே உள்ள ஓட்டை: யாருடைய பொறுப்பு, எப்படி வெட்டி அடைப்பது?

பார்க் எக்ஸ்டென்ஷனிலோ கோட்-டே-நேஜிலோ ஒரு மூன்றரை, நாலரை எடுத்துப் புதிதாகக் குடியேறியிருக்கும் உறவுகளுக்கு இது. (இங்கே வீட்டை அறைக் கணக்கில்தான் சொல்வார்கள். அந்த "அரை" குளியலறை.) முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கோ. ஒரு டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், சிங்குக்குக் கீழே உள்ள அலுமாரியைத் திறந்து, சாமான்களை வெளியே எடுத்துவிட்டுப் பின்பக்கப் பலகையையும் அடிப்பலகையையும் நன்றாகப் பாருங்கோ.

பெருவிரல் மொத்தமான குழாய் வருவதற்குச் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு ஓட்டை இருக்கும். எந்தக் காலத்திலோ ஒரு பிளம்பர் அவசரத்தில் சுத்தியலால் உடைத்திருப்பார். வீட்டைப் பார்க்கப் போகும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டில் எலி, கரப்பொத்தான் எண்டு எங்களிடம் வருகிற குடும்பங்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இதைப் பற்றித்தான்.

சுண்டெலி ஒன்று புகுவதற்குக் கால் அங்குல இடைவெளி போதும். கரப்பொத்தானுக்கு அதுவும் தேவையில்லை. பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் தண்ணீர்க் குழாய்கள் சுவருக்குள்ளால் கீழிருந்து மேல்வரை போகின்றன. அந்தச் சுவர் இடுக்குத்தான் அவற்றுக்குத் தெரு. கீழ் வீட்டில் மருந்தடித்தால் எல்லாம் மேலே உங்கள் வீட்டுக்கு ஓடி வரும். நீங்கள் மருந்தடித்தால் பக்கத்து வீட்டுக்குப் போகும். ஓட்டையை அடைக்காமல் எத்தனை தரம் மருந்தடித்தாலும் காசுதான் கரையும். பனிக்காலத்தில் அதே ஓட்டையால் குளிர் காற்றும் வரும். குழாய் அடிப்பலகையால் வருகிற வீடாக இருந்தால், கசிகிற தண்ணீர் நேரே கீழ் வீட்டுக்காரரின் கூரையில்தான் இறங்கும்.

"வீட்டுக்காரரிடம் கேட்டால் என் கேஸ் பாதிக்குமோ?"

இந்தக் கேள்வியைப் பலர் வாய்திறந்து கேட்பதில்லை, ஆனால் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். பதில்: இல்லை. உங்கள் அகதிக் கோரிக்கையை விசாரிப்பது மத்திய அரசின் குடிவரவு அகதிகள் சபை. வீட்டு வாடகைப் பிரச்சினையைக் கேட்பது கியூபெக் மாகாணத்தின் வாடகைத் தீர்ப்பாயம். எலி, பூச்சியைப் பார்க்க வருவது நகரசபை. மூன்றும் வேறு வேறு. எலி வருகிறது எண்டு எழுதியதற்காக யாருடைய கோரிக்கையும் நிராகரிக்கப்படுவதில்லை. நீங்கள் முறைப்பாடு செய்தீர்கள் என்ற காரணத்துக்காக லீஸை முறிக்கவும் வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது.

கியூபெக் சிவில் சட்டப்படி, குடியிருக்கத் தகுந்த நல்ல நிலையில் வீட்டைத் தரவேண்டியது வீட்டுக்காரரின் கடமை. மொன்றியல் நகரசபையிடம் 03-096 என்ற விதி 2003 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. குடியிருக்கும் வீட்டில் எலி, பூச்சி, கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் இருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. ஆகவே சுவரில் உள்ள ஓட்டையை அடைப்பதும் எலிக்கு ஆளைக் கூப்பிடுவதும் உங்கள் தலையில் விழுகிற செலவல்ல.

முதலில் ஓட்டையைப் படம் எடுங்கோ. பக்கத்தில் ஒரு பேனையோ சில்லறைக் காசோ வைத்து எடுத்தால் அதன் அளவு விளங்கும். பிறகு வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கோ. ஜானிட்டரிடம் வாயால் சொன்னது பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. பதில் வராவிட்டால் பிரெஞ்சில் "மீஸ் அன் டுமெர்" எனப்படும் முறையான கடிதத்தை, ஒரு கால எல்லை போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கோ. பிரதி ஒன்று உங்களிடம் இருக்கவேண்டும். எலி, பூச்சி என்றால் 311 க்கு அடித்து நகரசபை இன்ஸ்பெக்டரையும் கேட்கலாம். லாவால் போன்ற வேறு நகரத்தில் இருப்பவர்கள் அந்த நகரசபையைத்தான் கேட்கவேண்டும். கடைசிப் படி தீர்ப்பாயம். பழைய ஆட்கள் இன்னும் "ரெஜி" எண்டுதான் சொல்வார்கள். 2020 ஓகஸ்ட் 31 இலிருந்து அதன் பெயர் வாடகை நிர்வாகத் தீர்ப்பாயம். மொன்றியல் அலுவலகம் ஷேர்புரூக் வீதி கிழக்கில், 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய கிராமக் கட்டடத்தில் இருக்கிறது.

ஒன்று மட்டும் செய்யாதேங்கோ: கோபத்தில் வாடகையை நிறுத்தி வைக்காதேங்கோ. வாடகை மூன்று கிழமைக்கு மேல் பிந்தினால், லீஸை முடிக்கும்படி வீட்டுக்காரர் தீர்ப்பாயத்தைக் கேட்கலாம். அப்போது எலியின் கதை எடுபடாது.

நீங்களே அடைப்பதென்றால்

கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் பிள்ளைகளின் மாச்சட்டிக்குள் எலி ஓடும். அதனால் பலர் தாங்களே அடைக்க விரும்புகிறார்கள். அலுமாரிப் பலகையில் ஒரு மூடி போடுவது பெரிய வேலை இல்லை. ஆனாலும் "நான் இதைச் செய்யலாமா" என்று கேட்டு, "ஓம்" என்ற பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கோ. ஒரு டெக்ஸ்ட் மெசேஜ் போதும். குழாயையும் வால்வையும் தொடாதேங்கோ. அது பிளம்பரின் வேலை. பத்து வருடம் திருப்பாத வால்வைத் திருப்பினால் அதுவே ஒழுகத் தொடங்கும். அலுமாரிக்குப் பின்னால் உள்ள சுவரையும் வெட்டாதேங்கோ. பழைய கட்டடங்களின் சுவர்ப் பூச்சில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அதன் தூசி நெஞ்சுக்குக் கூடாது.

இனி வேலை. குழாயைக் கழற்றாமல் அதைச் சுற்றி எப்படி வட்டம் போடுவது? மூடியை இரண்டு பாதியாக்குவதுதான் வழி.

கால் அங்குலப் பிளைவூட்டில், ஓட்டையை விடச் சுற்றிவர ஒரு அங்குலம் கூடுதலாக ஒரு துண்டு வெட்டுங்கோ. சுடுதண்ணீர்க் குழாயும் பச்சைத்தண்ணீர்க் குழாயும் பெரும்பாலும் ஒரே உயரத்தில் வரும். அவற்றின் நடுப்புள்ளிகள் எங்கே என்று அளந்து பலகையில் ஒரு நேர்கோடு கீறி, அந்தக் கோட்டின் மேல் இரண்டு புள்ளி வையுங்கோ. குழாயின் ஓரத்தை அளக்காமல் நடுவை அளக்கவேண்டும். ஓரத்தை அளந்தால் கடைசியில் பாதி விட்டம் பிழைக்கும். முதலில் இரண்டு துளையையும் போட்டுவிட்டு, பிறகு அந்தக் கோட்டின் வழியே பலகையை வாளால் இரண்டாக அறுங்கோ. வெட்டிய பிறகு துளை போட வெளிக்கிட்டால் அரை வட்டம் ஒழுங்காக வராது. மேல் பாதியைக் குழாய்க்கு மேலாலும் கீழ்ப் பாதியைக் கீழாலும் வைத்துச் சின்னத் திருகாணியால் இறுக்கினால் முடிந்தது. கழிவுக் குழாய்க்கு வேறாக ஒரு மூடி. நாளைக்குப் பிளம்பர் வந்தால் திருகாணியைக் கழற்றி வேலை செய்துவிட்டுப் போவார். உடைக்கத் தேவையில்லை.

துளையின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் "அரை அங்குலம்" எண்டு விற்கிற செம்புக் குழாயின் வெளிவிட்டம் அரை அங்குலம் இல்லை, ⅝ அங்குலம். "ஒன்றரை அங்குலம்" எனப்படும் கறுப்புப் பிளாஸ்டிக் கழிவுக் குழாய் வெளியே 1.9 அங்குலம். சுடுதண்ணீர் ஓடும்போது செம்பு கொஞ்சம் நீளும். இறுக்கமாக இருந்தால் பலகையில் உரஞ்சி இரவில் டிக் டிக் எண்டு சத்தம் போடும். ஆகவே சுற்றிவர ⅛ அங்குலம் விடுங்கோ. அதாவது செம்புக் குழாய்க்கு ⅞ அங்குலத் துளை, கழிவுக் குழாய்க்கு 2⅛ அங்குலத் துளை.

வட்டமாக வெட்டுவதற்கு டிறிலில் பூட்டுகிற ஹோல் சோ என்ற வட்ட வாள் இருக்கிறது. பிரெஞ்சுக் கடையில் "சி குளோஷ்" என்று கேளுங்கோ, மணி வடிவ வாள் என்று அர்த்தம். அதை விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. வில்ரே பகுதியில் 2015 இல் தொடங்கிய லா ரமீஸ் என்ற கூட்டுறவு, நூலகத்தில் புத்தகம் இரவல் தருவது போலக் கருவிகளை அங்கத்தவர்களுக்கு இரவல் தருகிறது. வெட்டும்போது பலகைக்குக் கீழே ஒரு கழிவுத் துண்டை வைத்து இறுக்குங்கோ. நடு ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்தவுடன் நிறுத்தி, பலகையைப் பிரட்டி மற்றப் பக்கத்தால் வெட்டி முடியுங்கோ. அப்போது ஓரம் பிய்ந்து வராது. கண்ணாடியும் மூக்குக் கவசமும் போடுங்கோ. ஒட்டுத்தூள் பலகையின் தூசி லேசானதல்ல.

வீட்டுக்காரர் புது அலுமாரியே போடுகிறார், அல்லது உங்களுக்கு அலுமாரி பூட்டும் வேலை கிடைத்திருக்கிறது என்றால் இன்னும் இரண்டு விசயம் கவனிக்கவேண்டும். அலுமாரியின் பின்பக்கத்தில் நின்று அடையாளம் போடும்போது இடதும் வலதும் மாறிவிடும். கண்ணாடி விம்பம் பற்றி வகுப்பில் படித்தது இங்கேதான் உதவும். பலகையிலேயே "சுவர்ப் பக்கம்", "குசினிப் பக்கம்" என்று பென்சிலால் எழுதிவிட்டு அளவுங்கோ. அடுத்தது, மொன்றியலின் பழைய வீடுகளில் நிலம் சரிவாக இருக்கும். அலுமாரியை மட்டமாக்க ஆப்பு வைத்து அரை அங்குலம் உயர்த்தினால், பலகையில் குழாயின் புள்ளி அரை அங்குலம் கீழே இறங்கவேண்டும். முதலில் மட்டம், பிறகுதான் அளவு. சுவரிலிருந்து வரும் குழாயில் வால்வு பூட்டியிருந்தால், வால்வு நுழையக்கூடிய நீள்சதுர வாசல் ஒன்றை வெட்டி, அலுமாரியை இடத்தில் வைத்த பிறகு மேலே சொன்ன இரட்டை மூடியைப் போடலாம்.

மூடி போடுவதற்கு முன், சுவருக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியைச் செம்புக் கம்பி வலையால் இறுக அடையுங்கோ. இரும்புப் பஞ்சும் சரி, ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். கடையில் விற்கிற நுரையை மட்டும் அடித்து விட்டால் எலி அதைக் கொறித்துக்கொண்டு வந்துவிடும். கடைசியாகத் துளையின் ஓரத்துக்குச் சிலிக்கோன் பூசுங்கோ. வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டால் ஒட்டுத்தூள் பலகை தண்ணீர் பட்டுப் பாண் மாதிரி ஊதிப்போகும். குழாயைச் சுற்றி இரண்டு பாதியாகப் பூட்டுகிற வட்டத் தட்டும் விற்கிறது. அழகுக்குப் போடலாம். எலிக்கு அது தடை இல்லை.

அடைத்த பிறகு ஒரு கிழமைக்குக் கீழே ஒரு பேப்பரை விரித்து வைத்துப் பாருங்கோ. பேப்பர் நனைந்தால் குழாயில் கசிவு இருக்கிறது. வீட்டுக்காரருக்கு உடனே அடித்து "இல் ய யூன் ஃபுயித் தோ சூ லெவியே" என்று சொல்லுங்கோ. சிங்குக்குக் கீழே தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். சிங்க் வெளிச்சுவரோடு இருக்கிற வீடுகளில், கடும் குளிர் இரவுகளில் அலுமாரிக் கதவைத் திறந்து விட்டுப் படுங்கோ. அறையின் சூடு குழாய்க்குப் படாவிட்டால் அது உறைந்து வெடிக்கலாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதற்கு முன் சவர்க்காரம், பிளீச் எல்லாவற்றையும் உயரத்தில் எடுத்து வையுங்கோ.

கடிதம் எழுத உதவி தேவையென்றால் ஓட்டையின் படத்தையும் லீஸையும் எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கோ. பிரெஞ்சில் எழுதித் தருகிறோம். பழைய கடிதப் பிரதிகள் இருந்தால் அவற்றையும் மறக்காமல் கொண்டு வாருங்கோ.