ஆறாம் வகுப்பு எங்கே?

ஏப்ரல் பிறந்துவிட்டால் தமிழகத்துச் சிற்றூர்களில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியைப் பற்றிய பேச்சு வீட்டுக்கு வீடு தொடங்கிவிடும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கத் துடிக்கிறார் தந்தை. ஆங்கிலம் பேச வரவில்லை என்பது அவர் குறை. "ஆசிரியை நம் வீட்டு நிலையை அறிவார், பிள்ளையை விட்டுவிடமாட்டார்" என்கிறார் தாய். மாணவியரைக் கேட்டால் விடை வேறு. பள்ளி பிடிக்கும், கழிப்பறை பிடிக்காது. அதற்காகவே சிலர் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. இதனைப் பெற்றோர் கேட்டறிவதே இல்லை!

பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறைகிறது. அதைக் கண்டு இன்னும் சிலர் விலகுகின்றனர். விலகுமுன் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிய 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு, பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கே உரியது. 2021இல் அது பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. நடுவில் தனியார் பள்ளிக்குச் சென்று திரும்பிய பிள்ளை, பதினேழு வயதில் அதனை இழந்து நிற்கும்.

கழிப்பறைக் குறையைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுப்பலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கினர் பெற்றோரே, பாதிப்பேர் பெண்கள். அடுத்த கூட்டத்திற்குத் தாய்மார்கள் மகளையும் கேட்டறிந்து செல்லட்டும்.